ஊதாக் கிண்ணம் உருகுவதற்குள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறிக் கிளம்பியதல்ல. அக்கா போன் செய்து எழுதச் சொன்னது.

"நீ எழுதுறவன்தானே?" என்றாள்.

எழுதுகிறவனிடம் யாராவது இப்படி ஆரம்பித்தால், அடுத்து ஒரு வாழ்த்துரையோ இரங்கல் செய்தியோ கேட்கப்போகிறார்கள் என்று பொருள். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "சொல்லு" என்றேன்.

"வீட்டுலயே சுலபமா அசாயிக் கிண்ணம் செய்யறது எப்படின்னு ஒண்ணு எழுதிக் குடு."

"என்னது?"

"இணையத்துல இருக்கறதெல்லாம் பாத்துட்டேன். எல்லாத்துலயும் அஞ்சே நிமிஷம்னு போட்டிருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி எழுதினவனோட பயணம், அவன் மனசு, அவன் காலையில எந்திரிச்சு ஜன்னல் வழியா பாத்த வெளிச்சம். கீழ கீழ கீழ போனா செய்முறை மூணு வரி. அதுவும் தப்பு."

"அக்கா, நான் நாவல் எழுதிட்டிருக்கேன்."

"அது எங்கயும் போகாது. இது உருகிடும்."

அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தது மனித குலத்தின் மௌனத்தைப் பற்றிய நாவல். மௌனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. கருப்பொருளுக்கு உண்மையாக இருப்பதாக நண்பர்களிடம் சொல்லிவந்தேன். எனவே, ஓர் உண்மையைச் சொன்னால், அக்காவின் போன் வந்தபோது நான் மிகவும் சும்மா இருந்தேன்.

தெரியாதவர்களுக்காக: அசாயி என்பது ஒரு பனை வகையில் காய்க்கும் சிறு பழம். நம் கைக்கு வரும்போது அது பழமாக இருக்காது. கூழாக்கி, உறையவைத்து, தட்டையான பொட்டலத்தில் வரும். ஊதா நிறப் பலகை மாதிரி. அதை உறைந்த வாழைப்பழத்தோடு அரைத்து, மேலே பழத்துண்டும் வறுத்த ஓட்ஸும் தூவி, கரண்டியால் சாப்பிட வேண்டும். கரண்டி நட்டால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது கிண்ணம் இல்லை, ஜூஸ். இவ்வளவுதான் விஷயம்.

[இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இவ்வளவு சின்னதை யாரும் இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.]

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "ஊதா ஒரு நிறமா? அந்தியும் காயமும் சந்திக்கும் எல்லையில் மனிதன் தனக்குத் தானே"

தனக்குத் தானே என்ன செய்துகொள்கிறான் என்பது தெரியவில்லை. சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தும் தெரியவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "மேடைகளைத் துறந்த அந்த மாபெரும் பாடகர், தன் முன்னே வைக்கப்பட்ட குளிர்ந்த கிண்ணத்தை"

இதைப் போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரு பாடகர்?"

"அத்தான்தான். கதையில பாடகரா வச்சிருக்கேன்."

"அவருக்குப் பாட வராதே. குளிக்கும்போதுகூட வாயைத் திறக்க மாட்டாரு."

"பாடகர்னா ஒரு கனம் இருக்கும் அக்கா. குரல், கலை, இழப்பு, இந்த மாதிரி."

"அவரு ரயில் எந்த நடைமேடைக்கு வருதுன்னு சொன்னவரு. பாட்டைச் சரியா கேக்காதவன் வீட்டுக்குப் போவான். இவரைச் சரியா கேக்காதவன் வேற ஊருக்குப் போவான். இதுல எதுடா கனம்?"

பாடகரை எடுத்துவிட்டேன். அவருக்காக வாங்கி வைத்திருந்த தம்பூராவும் போயிற்று.

மூன்றாம் தொடக்கம்: "என் அத்தான் குளிர்ந்த எதையும் சாப்பிடுவதில்லை."

இது நிற்கிறது. கரண்டி மாதிரி.

3

என் அத்தான் குளிர்ந்த எதையும் சாப்பிடுவதில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்த நாளில் ஆரம்பித்த விரதம். ஐஸ் இல்லை, குளிர்பானம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஆரஞ்சுகூட ஜன்னல் ஓரத்தில் வெயில் வாங்கிவிட்டுத்தான் அவர் தட்டுக்கு வரும். எங்கே போனாலும் கையில் வெந்நீர் பிளாஸ்க். தொண்டைதான் அவருடைய கருவி. தச்சன் உளியை மழையில் போடமாட்டான் அல்லவா, அப்படி.

வீட்டில் பேசவும் மாட்டார். குரல் செலவாகிவிடுமாம். மேஜையை விரல் கணுவால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நன்றாயிருக்கிறது. இரண்டு தட்டு என்றால் வெந்நீர். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அவர் முழுக் குடும்ப வாழ்க்கையையும் நடத்தினார்.

"ஊருக்கெல்லாம் குரல், எனக்கு விரல்" என்பாள் அக்கா.

அந்த வீட்டின் உறைபெட்டியில் உறைந்தது என்று ஒன்றும் இருக்காது. ஸ்வெட்டர்கள் இருக்கும். கம்பளியில் பூச்சி விழாமலிருக்க, பையில் சுற்றி, அடுக்கி வைத்திருப்பாள். விருந்தாளி யாராவது ஐஸ் எடுக்கலாம் என்று திறந்தால் ஒரு மப்ளர் வந்து விழும்.

பிறகு நிலையத்துக்கு, தானே அறிவிப்புச் சொல்லும் இயந்திரம் வந்தது. அதற்கு முன்னால் அத்தானை சுவரெல்லாம் மெத்தை வைத்த ஓர் ஒலிப்பதிவு அறையில் பல நாள் உட்காரவைத்து, சம்பந்தமில்லாத வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். மழை நின்றது, தையல்காரர் சிரித்தார், ஏணியின் நிழல் நீளமானது. ஒன்றுக்கும் தாமதமில்லை, ஒன்றும் எந்த நடைமேடைக்கும் வரவில்லை. அவர் குரலை இயந்திரத்துக்குப் பழக்கத்தான் என்று சொன்னார்கள்; அவரும் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஒரு பிரிவுபசாரம்.* அதில் மேலதிகாரி கையைப் பிடித்துக்கொண்டு, "தேவைப்பட்டா கூப்பிடறோம் சார். புதுசா ஏதாவது ஸ்டேஷன் வந்தா அந்தப் பேரை நீங்கதானே வந்து சொல்லணும்?" என்றார்.

எல்லா மேலதிகாரிகளும் எல்லாப் பிரிவுபசாரத்திலும் சொல்லும் வாக்கியம் அது. அத்தான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் தொண்டையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். வெந்நீர் தொடர்ந்தது. அந்த இரண்டு தட்டும் தொடர்ந்தது.

* அன்று கொடுத்த பரிசு: ஒரு பெட்டி ஐஸ்கிரீம் கிண்ணங்கள். கண்ணாடி. இத்தனை காலம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்தது. பெட்டி பிரிக்கப்படாமல் பீரோவின் மேல் இருக்கிறது.

4

அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக்கு மூக்கு பிரேமை வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. எதிரே இருப்பவர் முகத்தை உற்றுப் பார்த்து, எங்கே அழுத்துகிறது என்று அவர் சொல்வதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் பார்வையோடு வீட்டுக்கும் வருவாள் என்பதை அத்தானும் நானும் அறிவோம்.

அவள் கடைக்கு எதிரே ஊதாக் கிண்ணக் கடை ஒன்று வந்தது. வாசலில் பெரிய எழுத்தில் "உன்னை நீயே கண்டடை" என்று எழுதியிருக்கும். உள்ளே ஓர் ஊஞ்சல். யாரும் ஆடுவதில்லை, ஆடுவது போலப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கிய கிண்ணத்தை முதலில் மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், கரண்டியைத் தூக்கி ஒரு படம். அதற்குள் அது பாதி ஜூஸாகிவிடும். கண்டடைந்தவர்கள் கடைசியில் அதை உறிஞ்சிக் குடிக்கிறார்கள்.

ஒரு மதிய இடைவேளையில் அக்காவும் போனாள்.

"என்ன கண்டடைஞ்ச?" என்றேன்.

"ரெண்டு வாழைப்பழத் துண்டு." குரலைத் தாழ்த்தினாள். "முதல் கரண்டி நெத்தி வரைக்கும் வலிச்சுதுடா. நல்ல வலி. கல்யாணத்துக்கு முன்னாடி தின்ன ஐஸுக்கு அப்புறம் அந்த வலியே எனக்கு இல்ல."

"உன்னை யாரு சாப்பிட வேணாம்னாங்க? விரதம் அவருக்குத்தானே."

"யாரும் சொல்லல. எதிர உக்காந்து ஒருத்தர் வெந்நீர் குடிக்கும்போது நான் மட்டும் சில்லுனு எப்படிச் சாப்பிடறது? இப்போ வெளிய சாப்பிட்டுட்டு, வாயைத் தொடச்சிட்டு, நாக்கு ஊதாவா இருக்கான்னு கடைக் கண்ணாடியில பாத்துட்டு வீட்டுக்குப் போறேன். திருடி மாதிரி."

"சரி, என்ன வேணும் உனக்கு?"

"ஒரு தடவை. எங்க வீட்டு மேஜையில, எதிரெதிர உக்காந்து, ரெண்டு பேரும் சில்லுனு ஏதாவது சாப்பிடணும். அவ்வளவுதான்."

நான் மௌனத்தைப் பற்றி எழுதுகிறவன். ஆனாலும் அன்று அந்த நாவலை மூடிவைத்தேன்.

5

இந்த இடத்தில் ஒரு மகள் இருந்தாள்.

தூரத்து நகரத்திலிருந்து, விலையுயர்ந்த அரைக்கும் இயந்திரம் ஒன்றை மார்போடு அணைத்தபடி வந்து இறங்கினாள். பழத்தின் சத்துகள் குறித்து ஒரு பத்தி பேசினாள். பிறகு, அப்பாவின் பிளாஸ்கைப் பார்த்து அழுதாள். நன்றாகத்தான் அழுதாள். எனக்கே பெருமையாக இருந்தது.

"எனக்கு ஏதுடா பொண்ணு?" என்றாள் அக்கா.

"கதைக்கு அக்கா. தலைமுறை இடைவெளி வேணும்."

"பெத்தது யாரு, வளத்தது யாரு? திடீர்னு வந்து இறங்கி, மிக்ஸியைக் குடுத்துட்டு அழறா. அழறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணிகூட நீ குடுக்கல அவளுக்கு."

நீக்கிவிட்டேன். இதில் ஒரு சிக்கல்: மகள் போனதும் அவள் கொண்டுவந்த இயந்திரமும் போய்விட்டது. ஆகவே, இனி வருவது அக்காவின் பழைய மிக்ஸிதான். வாழ்நாளில் உறைந்த எதையும் அரைத்தறியாத மிக்ஸி. மகள் அழுத வரி ஒன்று மட்டும் மீந்து கிடக்கிறது. எறிய மனமில்லாமல் நாவலுக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.

6

இப்போது அக்கா செய்த ஒரு தவறு. இந்தத் தவறை உலகத்தில் இந்த ஒரு வீட்டில்தான் செய்திருக்க முடியும்.

ஊதாக் கடையிலேயே உறைந்த பொட்டலங்களையும் விற்கிறார்கள். அக்கா வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். ஸ்வெட்டர்களைச் சற்று நகரச் சொல்லி இடம் பிடித்தாள். மறுநாள் காலையில், அத்தான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, சமையலறைக்குப் போனாள்.

பொட்டலத்தை எடுத்தாள். கல் மாதிரி இருந்தது. ஒரு பாத்திரத்தில் சுடுநீர் பிடித்து அதில் போட்டாள். இளகியது. பழத்தட்டிலிருந்து வாழைப்பழத்தை உரித்தாள். பாலை எடுத்தாள், அடுப்பில் வைத்து, பொங்கி வரும்போது இறக்கினாள். எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்து, கோப்பையில் ஊற்றி, மேஜையில் வைத்தாள்.

வைத்த பிறகுதான் பார்த்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது.

அத்தான் குடித்தார். யோசித்தார். ஒரு தட்டுத் தட்டினார்.

"சமையலறைக்குப் போய்ச் சிரிச்சேன்டா" என்றாள் அக்கா. "வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிச்சேன். அப்புறம் என் கையைப் பாத்தேன். சிரிப்பு நின்னுடுச்சு. நான் அதைச் சூடு பண்ணச் சொல்லவே இல்ல. அதுவா பண்ணிடுச்சு."

இணையத்தில் ஒருவரும் எழுதாத படி இது. தேவையான பொருள்கள் என்று பழம், பால், தேன் எல்லாம் போடுகிறார்கள். யாருக்காக இத்தனை காலம் சமைத்தோமோ அவருடைய நாக்கு நம் மணிக்கட்டில் குடியேறியிருக்கும் என்பதைப் போடுவதில்லை.

[மேலே உள்ள வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து நின்றேன். அவ்வளவு பிடித்திருந்தது. அக்காவுக்குப் படித்தேன். "மணிக்கட்டுல நாக்கா? உவ்வே" என்றாள்.]

7

அக்காவின் முதலாளி, புதிதாக நீட்டிய ரயில் பாதையின் கடைசி ஊரில் ஒரு கிளை திறந்தார். அதைப் பார்க்க அக்காவும் அத்தானும் கிளம்பினார்கள். அத்தான் வேலை பார்த்த அதே நிலையத்தில் ஏற வேண்டும். ஓய்வுபெற்ற பின் அங்கே அவர் போனதில்லை. கூப்பிடாமல் போகக் கூடாது என்று ஒரு ரோஷம்.

நடைமேடையில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் அத்தான் பேச ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற அத்தான் அதைக் கேட்டார். உதடுகள் தானாக அசைந்தன. வண்டியின் பெயர், புறப்படும் ஊர், நிற்கும் ஊர்கள். எல்லாம் அவர் ஆயிரம் முறை சொன்னவை. குரலும் உதடும் சேர்ந்தே போயின. கடைசியாக அந்தப் புது ஊரின் பெயர் வந்தது. அவர் வேலையில் இருந்தபோது அங்கே ரயில் நிலையமே கிடையாது. அந்தப் பெயரை அவர் எங்கும் சொன்னதில்லை.

உதடு நின்றுவிட்டது. குரல் நிற்கவில்லை.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் பார்ப்பதுதானே அவள் வேலை. ரயில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு அத்தான் வாய் திறந்தார்.

"நல்லா சொல்றான்."

"யாரு?"

"நான்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம், "அந்தப் பேர்ல நடுவுல ஒரு மூச்சு விடணும். இல்லைன்னா ரெண்டு ஊரு மாதிரி கேக்கும். அவன் விடல."

"எழுதிப் போடுங்களேன் அவங்களுக்கு."

"மூச்சு விடாமயே ஒரே ஊரு மாதிரிதான் கேட்டுது" என்றார் அத்தான்.

இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று இருவருக்கும் அன்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு தட்டுத் தட்டினார். அக்கா வெந்நீர் வைத்தாள். அவர் குடிக்கக் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தத் தொண்டையை எதற்காகக் காப்பாற்றுகிறார் என்று கேட்க முடியவில்லை. கேட்பதற்குப் பதிலாக ஒரு கிண்ணத்தை வைக்கலாம் என்று தோன்றியது. எனக்கு அந்த முதல் போனைச் செய்தாள்.

8

இதுவரை எழுதியதை ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். கனமான விஷயமாக ஒரு கதை வேண்டும் என்று ஏற்கனவே கேட்டிருந்தவர்.

"நல்லா வந்திருக்கு" என்றார். "குளிர்ங்கறது மரணம்தானே?"

எதற்கும் இருக்கட்டும் என்று ஆமாம் என்றேன்.

"அப்போ அந்தப் பழம் எதுக்கு? எடுத்துடலாமே. வெறும் கிண்ணம். காலியான கிண்ணம்."

"காலிக் கிண்ணத்தை வீட்டுல சுலபமா செய்யறது எப்படின்னு எழுத முடியாது சார்."

"யோசிங்க. முடிவு அனுப்புங்க."

மூன்று முடிவுகளைத் தயார் செய்தேன்.

அ. அத்தான் ஒரு கரண்டி வாயில் வைக்கிறார். கண் கலங்குகிறது. தூரத்தில் ஒரு ரயில் கூவுகிறது. (அந்த வீட்டுக்கும் ரயில் பாதைக்கும் இடையே பேருந்து பிடித்துப் போகிற தூரம். இலக்கியத்துக்காகத் தண்டவாளத்தை இழுத்து வந்திருந்தேன்.)

ஆ. கிண்ணத்தை மெல்லத் தள்ளிவைக்கிறார். அக்கா தனியே சாப்பிடுகிறாள். வெளியே ஓர் இலை உதிர்கிறது. (ஆசிரியருக்கு இது பிடித்தது. "இலை நல்லாருக்கு" என்றார். அக்காவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.)

இ. முதல் கரண்டியைத் தூக்கும்போது போன் அடிக்கிறது. நிலையத்திலிருந்து. "சார், ஒரு பேரு சொல்லணும், நீங்க வந்தாத்தான்"

இந்த மூன்றாவது எனக்கே மிகவும் பிடித்திருந்தது. அக்காவுக்குப் படித்தேன். முதல் முறையாக அவள் கிண்டல் செய்யவில்லை.

"அதை மட்டும் எழுதாத."

"ஏன்? நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அவரு படிப்பாரு."

எதிர்முனையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றாள். "இந்தத் தடவை நான் ஒழுங்கா செய்யறேன். நீ எதிர உக்காந்து, கண்ணால பாத்து எழுது. இல்லாததை எழுதாத."

9

வந்துவிட்டேன். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து நடப்பதை அப்படியே தட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. அத்தான் குளிக்கப் போயிருக்கிறார். உறைபெட்டி காலி; ஸ்வெட்டர்கள் பக்கத்து நாற்காலியில் விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

செய்முறை. வாழைப்பழத்தை நேற்றே உரித்து, வட்டமாக நறுக்கி, தட்டில் பரப்பி உறையவைத்திருக்கிறாள். (தோலோடு வைக்காதீர்கள். பிறகு உளிதான் வேண்டும்.) கிண்ணங்களையும் உறைபெட்டியில் வைத்திருக்கிறாள். அசாயிப் பொட்டலத்தை வெட்டுவதற்கு முன் மேஜை விளிம்பில் இரண்டு அடி. துண்டு துண்டாகிறது. சுடுநீர் கிடையாது. அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று அடுப்பின் மேல் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

எல்லாம் மிக்ஸிக்குள். குளிர்ந்த பால், அடியை நனைக்கும் அளவு.

மிக்ஸி ஓடுகிறது, உறுமுகிறது, நின்றுவிடுகிறது. அக்கா அதைத் தலைகீழாகத் தூக்கி, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். மறுபடி ஓட்டம். மறுபடி உறுமல். நிறுத்தி, கரண்டியால் கிளறி, ஒரு சுற்று. நிறுத்தி, கிளறி, ஒரு சுற்று. இந்தப் பண்டத்தின் ரகசியமே இதுதான். இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினால் வழவழவென்று ஓடும். ஊற்றக் கூடாது.

அவள் கை பால் பக்கம் போகிறது. இன்னொரு கை அதைப் பிடித்துக்கொள்கிறது.

"அந்தப் பாலை எடுத்து உன் பக்கம் வச்சுக்கடா."

மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் கேட்டாலும் குடுக்காத."

கேட்டாள். கொடுக்கவில்லை. திட்டினாள். எழுதிக்கொண்டேன்.

முடிந்தது. கரண்டி நிற்கிறது. கண்ணாடிக் கிண்ணங்கள் வெளியே வருகின்றன. பனி பூத்து வெள்ளையாக. மூன்று கிண்ணம். மேலே வாழைப்பழம், வறுத்த ஓட்ஸ், ஒரு சொட்டுத் தேன். அத்தானுக்கு எதிரே அக்காவின் கிண்ணம்.

அத்தான் தலையைத் துவட்டியபடி வந்து உட்காருகிறார். கிண்ணத்தைப் பார்க்கிறார். ஊதாவைப் பார்க்கவில்லை; கண்ணாடியைப் பார்க்கிறார்.

"இது அதுதானே?"

"அதேதான்" என்கிறாள் அக்கா. "பெட்டியைப் பிரிச்சிட்டேன்."

அவர் விரல் மேஜை மேல் இருக்கிறது. தட்டவில்லை. அவர் பார்வை என் திரைக்கு வருகிறது.

"என்ன மாப்ள எழுதறீங்க?"

"சும்மா. செய்முறை, அத்தான்."

"திருப்புங்க. படிக்கறேன்."

திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கதையின் தொடக்கத்தை அவருக்கு வைத்து, விசைப்பலகை என் கைக்கு எட்டும்படி கொஞ்சம் திருப்பி வைத்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலிருந்து.

இந்த வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. சுவரில் மாட்டிய தட்டுகள் லேசாக அதிர்கின்றன. என் வாக்கியங்களை நான் எழுதியதைவிட நன்றாகச் சொல்கிறார். அடைப்புக்குறி வந்தால் "அடைப்புக்குறிக்குள்" என்கிறார். நட்சத்திரம் வந்தால் "நட்சத்திரக் குறி" என்கிறார். நான் பாதியில் விட்ட வாக்கியத்தின் முனையில் நின்று, "இத்துடன் நிறுத்தப்பட்டுள்ளது" என்று அறிவிக்கிறார். பாடகர் வந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார். மகளுக்கு, "பாவம், நல்ல பொண்ணு."

"ஏங்க, முதல்ல சாப்பிடுங்க. உருகுது" என்கிறாள் அக்கா. அவள் கரண்டியையே இன்னும் தொடவில்லை.

"ஆரம்பிச்ச அறிவிப்பைப் பாதியில நிறுத்தக் கூடாது. முடிச்சிட்டுச் சாப்பிடறேன்."

ஏழாம் பகுதிக்கு வந்தார். எழுந்து போகலாமா என்று பார்த்தேன்; மடியில் பால். நடைமேடை, ஒலிபெருக்கி, உதடு. அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், வேறு யாருடைய வண்டியோ தாமதமாவதைச் சொல்வது மாதிரி படித்தார். "கடைசியாக அந்தப் புது ஊரின் பெயர் வந்தது" என்ற இடத்தில் நின்றார்.

"பேரைப் போடலையே மாப்ள."

"தேவைப்படல அத்தான்."

"பேரில்லாம எப்படி?"

சொன்னார். அந்தப் பெயரை. நடுவில் ஒரு மூச்சு விட்டு.

ஒரே ஊர்தான். ஆனால் அந்த மூச்சில் அங்கே ஒரு ரயில் நின்றது, யாரோ இறங்கினார்கள், கதவு மூடியது. பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது எழுதுகிற பெயராக இல்லை.

அக்கா ஸ்வெட்டர்களை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

அவர் மேலே படிக்கிறார். எட்டாம் பகுதியில் முடிவு 'இ' இருக்கிறது. அக்கா எழுதாதே என்றதை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். நல்ல வரி என்பதால். எங்களைப் போன்றவர்கள் எதை வேண்டுமானாலும் தியாகம் செய்வோம், நல்ல வரியைத் தவிர. அத்தான் அதைப் படித்தார். போன் அடிப்பதை, நிலையத்திலிருந்து கூப்பிடுவதை, "நீங்க வந்தாத்தான்" என்பதை. படித்துவிட்டு, "இத்துடன் நிறுத்தப்பட்டுள்ளது" என்றார். அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

கிண்ணத்தின் ஓரம் இளகத் தொடங்கியிருக்கிறது. ஒரு வாழைப்பழ வட்டம் மெதுவாகச் சரிகிறது. நான் தட்டிக்கொண்டே இருக்கிறேன், அவர் படித்துக்கொண்டே வருகிறார். ஸ்வெட்டரைத் தாண்டிவிட்டார். சிவப்புப் பொத்தானைத் தாண்டிவிட்டார். நான் வேகமாக எழுத எழுத அவருக்குப் படிக்க இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

"இப்போ முடிச்சுத் தொலைக்கறியா இல்லையாடா?" என்கிறாள் அக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் படித்து முடித்தால்தான் சாப்பிட வேண்டும். நான் எழுதிக்கொண்டிருக்கிற வரையில் அவர் முடிக்க வேண்டியதில்லை. கிண்ணத்துக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது இந்தக் கதைதான். ஊதாவைப் பற்றி, குளிரைப் பற்றி, மூச்சைப் பற்றி இன்னும் மூன்று பக்கம் எழுத என்னால் முடியும். அருமையாக வரும். அது அருமையாக வரவர இது ஜூஸாகிவிடும்.

வாசகரே, முடிவு உங்களிடம். நான் நிமிர்ந்து பார்த்தால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதிவிடுவேன். எழுதினால் அவர் அதையும் படிப்பார். ஆகவே, நிமிரப்போவதில்லை. நீங்கள் மட்டும் காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு என்றால் நன்றாயிருக்கிறது. இரண்டு தட்டு என்றால் வெந்நீர்.

இந்த வரியை நான் தட்டத் தட்டவே படிக்கிறார்.

அத்தான், இதற்கு மேல் எழுத்து இல்லை. கரண்டி வலது பக்கம்.